மண்ணுக்கு இருமல் ஒட்டும்

புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், அக்கா. இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். தோட்டத்துப் பக்கமிருந்து வந்தது. அப்புறம் தட், தட் என்று யாரோ ஈரக் கம்பளியைக் கல்லில் அடிப்பதுபோல. அப்புறம் மறுபடியும் புஸ்ஸ்ஸ். கோத்தகிரிப் பக்கம் கரடி வரும் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் கான்வென்ட்டில் படித்தவள், கரடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அது மூச்சு விட்டால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இதோ மடியில் இருக்கிறானே, இவனை வாரிக்கொண்டு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே புகுந்து உட்கார்ந்துவிட்டேன். பயம் என்று சொல்ல முடியாது. ஒரு முன்ஜாக்கிரதை.

கன்னத்தைத் தொடாதீர்கள் அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலைத் தொடுங்கள், காலுறை போட்டிருக்கிறான். ஆமாம், இப்போது குண்டன்தான். அன்றைக்கு இவனைப் பார்த்திருந்தால் நீங்கள் தொடவே பயந்திருப்பீர்கள். நர்ஸம்மா டீ குடிக்கப் போயிருக்கிறார், ஊசி போட இன்னும் நேரமாகும். அதுவரைக்கும் சொல்கிறேன். எனக்கும் யாரிடமாவது சொன்னால்தான் ஆறும். எங்கள் அத்தையைப் பற்றித்தான்.

அன்றைக்கு நான் பீரோ சந்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஜோவின். அங்கே இங்கே தேடிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இங்க என்ன பண்ற டெல்ஃபின்?”

“கரடி.”

“கரடியில்ல, எங்கம்மா. மண்ணு அவிக்கறாங்க.”

இட்லி அவிப்பார்கள், கிழங்கு அவிப்பார்கள். மண்ணை அவிக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். எங்களுக்குப் பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரத்தில், கார்னேஷன் பூ. முந்தின வருஷம் வாடல் நோய் வந்து பாதிக்கு மேல் போய்விட்டது. செடி நேற்று நிமிர்ந்து நிற்கும், இன்றைக்குத் தலை தொங்கும், நாளைக்கு வைக்கோல். அந்த நோய் மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்குமாம். புதுச் செடி நட்டாலும் வேர் வழியாக ஏறிவிடுமாம். அதனால் பழைய செடியையெல்லாம் பிடுங்கிவிட்டு, பாத்தி மேலே ஓட்டை போட்ட குழாயைப் பதித்து, தார்ப்பாயால் இழுத்து மூடி, ஓரமெல்லாம் மணல் மூட்டை வைத்து, பாய்லரிலிருந்து ஆவியை உள்ளே விடுவார்கள். தார்ப்பாய் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். எங்கேயாவது ஓரம் தூக்கினால் புஸ்ஸ்ஸ். காற்று அடித்தால் தட், தட். அதுதான் என் கரடி. பாய்லர் வாடகைக்கு வந்தது. பகலெல்லாம் இன்னொரு தோட்டத்தில் வேலை, பொழுது சாய்ந்துதான் எங்களுக்குக் கிடைக்கும்.

அதுவரைக்கும் மண்ணுக்கு மருந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முழுகாமல் இருந்தபோது ஒருநாள் அந்த வாடை ஜன்னல் வழியாக வந்து, வாந்தி எடுத்து, சமையல்கட்டிலேயே மயங்கி விழுந்துவிட்டேன். அடுத்த வாரமே அத்தை மருந்து டப்பாவையெல்லாம் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனிமேல் ஆவிதான் என்று சொல்லிவிட்டார். பூ போடுகிறவர்களுக்கு இது ஒரு புது மோகம், அக்கா. ஒருத்தர் செய்தால் எல்லாரும் செய்வார்கள்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

மண் வெந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? பாத்திக்குள் ஆழமாக உருளைக்கிழங்கைப் புதைத்து வைப்பார் அத்தை. ஆவியை நிறுத்தினதும் தோண்டி எடுத்துக் கட்டை விரலால் அமுக்குவார். மாவாக அமுங்கினால் மண்ணும் வெந்தது, உள்ளே இருந்த பூச்சியும் நோயும் வெந்தது. நடுவில் கல் மாதிரி இருந்தால், “இன்னும் வுடுடா ஆவிய.” வெந்த கிழங்கை வீணாக்க மாட்டார். தோலை உரித்து, உப்பும் மிளகும் தொட்டு எல்லாருக்கும் கொடுப்பார். நானும் தின்றிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கும், அதை அவரிடம் சொன்னதில்லை.

அவித்த மண்ணுக்கு நடக்கிற ராஜோபசாரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். நல்லதும் கெட்டதும் எல்லாம் செத்து மண் காலி வீடாக இருக்குமாம். முதலில் எது நுழைகிறதோ அது குடும்பம் குட்டியோடு குடியேறிவிடுமாம். அதனால் பாலிஹவுஸுக்கு இரண்டு கதவு, நடுவில் ஒரு சின்ன முன்னறை. வெளிக் கதவுக்கு முன்னால் தட்டில் ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர். அதில் கால் நனைக்க வேண்டும். அப்புறம் உள்ளே வைத்திருக்கிற செருப்பு. அப்புறம் கை கழுவல். ஜோவின் ஒருநாள் மறந்துபோய் வெளிச் செருப்போடு ஒரு காலை வைத்துவிட்டார். “வெளிய போடா, பாவி!” என்று அத்தை போட்ட சத்தத்தில் கீழ்த்தெரு நாய் குரைத்தது.

மண்ணுக்கு இவ்வளவு. என் பிள்ளைக்கு?

இவன் மாதம் முடிவதற்கு முன்னாலேயே பிறந்தவன். கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான், என் உள்ளங்கை அகலத்துக்கு முதுகு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஜோவினையும் அத்தையையும் நிற்க வைத்துச் சொன்னார், “சளி, இருமல் உள்ளவங்க யாரும் கிட்ட வரக் கூடாது. இந்த நுரையீரல் தாங்காது. மறுபடியும் பெட்டியில வைக்கிற மாதிரி வந்தா நான் எதுவும் உறுதி சொல்ல மாட்டேன்.” நான் அழுதேன். அத்தை அழவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கரடி ராத்திரிக்கு மறுநாளே பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வந்து, “யாரு இது, யாரு இது, எலிக்குட்டியா?” என்று இவன் முகத்துக்குள் முகத்தை விட்டார். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் எங்களுக்கு மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு எச்சில் காட்டினார்கள், அக்கா. அதைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். அப்போது அத்தை வாசலில் நின்று, “எஸ்தரு! இங்க வா, மண்ணுக்குள்ள வெந்த கெழங்கு பாத்திருக்கியா? ஆறிடும், ஓடி வா” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து யார் வந்தாலும் இதே கதை. குழந்தை பார்க்க வருவார்கள், அத்தை கிழங்கு காட்டக் கூட்டிக்கொண்டு போவார். பாய்லர், குழாய், தார்ப்பாய், உப்பு, மிளகு. சுற்றிக் காட்டி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடும். வாங்கி வந்த சட்டையை வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடுவார்கள். யாரும் வரக் கூடாது என்று நான் நினைத்தது உண்மைதான். ஆனாலும் ஒரு முறை இருக்கிறதா இல்லையா? பேரனைவிடக் கிழங்கு பெரிதாகப் போய்விட்டதா?

நீங்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் மாமியார் நல்லவர் போலிருக்கிறது.

இப்போதுதான் முக்கியமான ஆள் வருகிறார். அத்தையின் அண்ணன். எனக்குப் பெரியப்பா முறை. சவரிமுத்து என்று பெயர், கேத்தியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர். மாமனார் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தபோது, கைக்குழந்தையோடு நின்ற தங்கைக்கு இந்த நிலத்தைக் கொடுத்து, முதல் பாத்தியைத் தானே வெட்டிக் கொடுத்தவர். அவர் பேச்சுக்கு அத்தை மறுபேச்சுப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் “இந்தக் காபி உப்பா இருக்கு” என்றால், அத்தை “ஆமாண்ணே, உப்புதான்” என்பார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். புதுக் குழந்தையைப் பெரியவர் இரண்டு கையிலும் ஏந்தி, அதன் முகத்தில் மூன்று தடவை ஊத வேண்டும். அவர் அப்பா ஊதினார், இப்போது இவர் ஊதுகிறார். ஊதின பிள்ளைக்கு ஆயுசு கெட்டியாம். ஜோவினை ஊதியிருக்கிறார். தன் தம்பி பிள்ளைகள் எல்லாரையும் ஊதியிருக்கிறார். இவன் பிறந்த குளிரில் அவருக்கு விடாத இருமல். போனில் பேசும்போதே பாதி வார்த்தைதான் வரும், மீதி கொள் கொள் என்று கேட்கும். “சளியெல்லாம் இல்லம்மா, தூசு” என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வேனில் எல்லாரும் வருகிறார்கள் என்று சேதி வந்தது. நான் ஜோவினைப் பிடித்தேன்.

“உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“சொல்லலாம்.”

“எப்ப?”

“அம்மா சொல்லட்டும்.”

“அம்மா சொல்லுவாங்களா?”

“மாட்டாங்க.”

இவரைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய? பெரியப்பாவிடம் கிழங்கு வித்தையும் பலிக்காது. உருளைக்கிழங்கு போடுகிறவருக்கே உருளைக்கிழங்கைக் காட்டுவதா?

சனிக்கிழமை கடைசிப் பாத்தியும் அவித்து முடிந்தது. அத்தை வீட்டுக்கு வந்து, சமையல்கட்டில் ஜோவினிடம் பேசுகிறார். பக்கத்தில் நிற்கிற மகனிடம் பேச அவ்வளவு சத்தம் எதற்கு என்று எனக்கு எரிச்சல்.

“உள்ள எவ்ளோ கதகதப்பா இருக்குது தெரியுமா? மண்ணு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் சூட்ட வுடாது. ஆஸ்பத்திரிப் பெட்டி தோத்துரும். முன்ரூமத் தேச்சுக் கழுவி வுட்டுட்டேன். நாளைக்கு யாரு வந்தாலும் சரி, அந்த வாசல் தாண்டி ஒரு ஆள வுட மாட்டேன். பிஷப்பே வந்தாலும் வெளியதான்!”

அக்கா, எனக்குள் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. அவர் பாட்டுக்கு மண்ணைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார், அதே வலையில் அவரையே பிடித்துவிடலாமே! அந்த வாசல் தாண்டி ஒரு ஆளை விட மாட்டாரா? அப்படியென்றால் நானும் பிள்ளையும் அந்த வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தால்? கான்வென்ட்டில் ஏழு வருஷம் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினவள் நான். கிராமத்து மனுஷிக்கு இப்படி ஒரு யோசனை வருமா?

சாவி ஒன்றுதான் பாக்கி. எப்போதும் அத்தை இடுப்பில்தான் செருகியிருப்பார், தூங்கும்போதுகூட. ஞாயிறு காலையில் பார்க்கிறேன், இவன் துணி மடித்து வைக்கிற கூடையில், மேலாக, கம்பளித் தொப்பிக்குள் கிடக்கிறது. எவ்வளவு ஞாபகமறதி பாருங்கள். வயதாகிறது.

சிரிக்காதீர்கள் அக்கா, குழந்தை எழுந்துகொள்வான்.

அத்தையும் ஜோவினும் பூசைக்குப் போனதும் நான் குளித்து, துவைத்த சேலை கட்டி, இவனைப் போர்த்திக்கொண்டு பின்வழியாகப் போனேன். ஊதாத் தண்ணீரில் கால் நனைத்தேன். கை கழுவினேன். முறைப்படிதான் செய்தேன், மண் என்ன பாவம் செய்தது? முன்னறைக்குள் நுழைந்தால், வீட்டில் இருந்த பிரம்பு நாற்காலி அங்கே இருக்கிறது. அத்தைக்கு முட்டி வலி, தனக்காகத்தான் கொண்டு வந்து போட்டிருப்பார். பக்கத்தில் பிளாஸ்க்கில் வெந்நீர். உள் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். அந்தக் கதகதப்பு, அக்கா! வெளியே எலும்பு நடுங்குகிற குளிர். உள்ளே வெந்த கிழங்கு வாசனையோடு பாத்தியிலிருந்து மெல்லிசாக ஆவி. இவன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கையை விரித்துப் போட்டுத் தூங்கினான்.

வேன் வந்தது. கதவு சாத்துகிற சத்தம், பேச்சு, சிரிப்பு, நடுவில் அந்த இருமல். “எங்க செபஸ்தி, உம் பேரன்?” என்று அத்தையைக் கேட்கிறார் பெரியப்பா. வீட்டுக்குள் தேடுகிறார்கள். ஜோவின் கிழக்கும் மேற்கும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், கண்ணால் பார்க்காமலே சொல்லுவேன். “மருமக பாலிஹவுஸ்ல இருக்காண்ணே” என்று அத்தை குரல். எப்படித் தெரிந்தது என்று எனக்குத் திக்கென்றது. ஜோவின்தான் காட்டிக் கொடுத்திருப்பார்.

பெரியப்பா தோட்டத்துக்கு இறங்கி வந்தார். பின்னாலேயே மொத்த வேனும். கதவுக்குப் பக்கத்தில் வலை அடித்த ஜன்னல், அது வழியாக எல்லாம் தெரிந்தது. பூசைக்குப் போட்ட கோட்டு, தலையில் மப்ளர், காலில் தோட்டத்து ஷூ.

“என்ன செபஸ்தி, புள்ளையப் பாலிஹவுஸ்ல நட்டு வச்சிருக்க? தண்ணி ஊத்துனியா?”

வேன் முழுக்கச் சிரித்தது.

“அண்ணே, காலு” என்றார் அத்தை.

“காலுக்கு என்ன?”

“கேத்தி மண்ணு ஒட்டியிருக்குது. உள்ள அவிச்ச மண்ணு.”

“நான் வெட்டிக் குடுத்த பாத்திக்கு என் காலு ஆகாதா?” என்றார். ஆனால் கோபப்படவில்லை. ஷூவைக் கழற்றி, ஊதாத் தண்ணீரில் காலை நனைத்தார். “ஊட்டித் தண்ணி மாதிரி ஜில்லுனு இருக்குது. போதுமா?”

“மப்ளரு.”

மப்ளரைக் கழற்றினார்.

“கோட்டு.”

“அடியே, நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா, ஒவ்வொண்ணாக் கழட்ட?” என்று சொல்லிக்கொண்டே கோட்டையும் கழற்றி யார் கையிலோ கொடுத்தார். சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வெகுநேரம் இருமினார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து, இவனை மார்போடு அழுத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

“அந்த இருமலு, அண்ணே” என்றார் அத்தை.

“இருமலுக்கு என்ன?”

“மண்ணுக்கு ஒட்டும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மண்ணுக்கு இருமல் ஒட்டுமாம்! எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, அக்கா. அறிவியல் படிக்காதவர், பாவம், அதை அப்படியே நம்பிக்கொண்டு நிற்கிறார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. முந்தானையை மட்டும் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார், அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா தங்கையைப் பார்த்தார்.

“சரி. மண்ணுக்கு ஒட்டும். நான் உள்ள வரல. புள்ளைய வெளிய கொண்டா. இங்கயே நின்னு ஊதிட்டுப் போறேன்.”

என் திட்டம் அங்கேயே செத்துவிட்டது. மண்ணை வைத்துக் கட்டின கோட்டைதானே? அவர் மண்ணை மிதிக்கவில்லை, மண்ணைத் தொடவில்லை. வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கிறது, ஊத ஆள் தயாராக இருக்கிறார். இனிமேல் அத்தை என்ன சொல்ல முடியும்? நிலம் கொடுத்த அண்ணன். வேன் நிறைய சொந்தம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. டாக்டரம்மா சொன்னது காதுக்குள் கேட்டது. தரமாட்டேன் என்று கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

“என்ன செபஸ்தி, கேக்குதா? குளுருல நிக்க வைக்கிற. போய் வாங்கியா.”

“செரிண்ணே” என்றார் அத்தை.

செருப்பைக் கழற்றினார். ஊதாத் தண்ணீரில் இரண்டு காலையும் நனைத்தார். கதவைத் திறந்து முன்னறைக்குள் வந்து, உள்செருப்பைப் போட்டார். வெந்நீரை ஊற்றி முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார், விரல் சந்து விரல் சந்தாக. நான் மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். “அத்தை, வேண்டாம் அத்தை” என்றேன். அவர் கையை நீட்டினார். நான் இவனை இறுக்கிக்கொண்டேன். நீட்டின கை இவனுடைய கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டது. அவ்வளவுதான். இழுத்த பக்கத்தையே இன்னொரு தடவை இழுத்தது. வயதாகிறது என்று சொன்னேனே.

“செபஸ்தி! என்ன, வர்றியா?” என்று வெளியிலிருந்து பெரியப்பா.

அத்தை வலை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாக, கடைக்குப் போகச் சொல்லுகிற மாதிரி, “உள்ள பாத்திக்கிட்டப் போய் உக்காரு. இங்க சந்துல குளுரு வருது” என்றார்.

பிறகு கதவுப் பக்கம் போனார். போடாமலே துருப்பிடித்துக் கிடந்த தாழ்ப்பாள் அது, முதல் இழுப்புக்கு வரவில்லை. அண்ணன் வெளியே நிற்க, வேன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுக்க அதன்மேல் சாய்ந்து, உள்ளேயிருந்து அதைப் போட்டார்.